கார்டில் புரியாத சந்தாப் பிடித்தம்: கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் புதிதாக வந்தவர்கள் செய்ய வேண்டியவை

ஸ்டேட்மென்ட்டில் 19.90 வெள்ளி (ரிங்கிட்), 45 வெள்ளி என்று ஏதோ ஒரு தொகை. பக்கத்தில் எங்கும் கேள்விப்படாத ஒரு பெயர். போன மாதமும் அதே தொகை போயிருக்கிறது. உடனே வங்கிக்குப் போன் போட்டு "கார்டைத் திருடிவிட்டார்கள்" என்று சொல்லத் தோன்றும். அதற்கு முன் ஓர் அரை மணி நேரம் செலவழித்து அது என்ன பிடித்தம் என்று கண்டுபிடியுங்கள். திருட்டுக்கு ஒரு வழி, நிறுத்த மறந்த சந்தாவுக்கு வேறு வழி. தவறான வழியில் போனால் மனு தள்ளுபடியாகும், கெடுவும் கடந்துவிடும்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே 2021 அக்டோபர் முதல், கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்துவிடும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி போட வேண்டும். இங்கே அந்தக் காவலை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் முதல் முறை சேரும்போது மட்டும் வங்கியின் ஆப் உங்கள் ஒப்புதலைக் கேட்கும். அடுத்த மாதத்திலிருந்து நிறுவனமே தொகையை எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் தகவல் வருவது பணம் போன பிறகுதான். ஏழு நாள் இலவசம் என்று சேர்ந்து மறந்தவை பலவும் இப்படித்தான் மாதக் கணக்கில் ஓடுகின்றன.

ஸ்டேட்மென்ட்டில் அச்சாகும் பெயர் கடையின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை. ஐபோனில் வாங்கிய எந்த ஆப்பும் ஆப்பிள் பெயரில் வரும். இரண்டு மூன்று சந்தாக்களைச் சேர்த்து ஒரே தொகையாகப் போடுவதும் உண்டு. ஆண்ட்ராய்டில் கூகுள் என்று தொடங்கி நட்சத்திரக் குறியும் சுருக்கப் பெயரும் வரும். பேபால் வழியாகப் போனதும் அப்படியே. எனவே ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். பழைய மின்னஞ்சல் கணக்குகளையும் விடாதீர்கள். இன்வாய்ஸ், ட்ரையல், ரின்யூவல் என்று தேடினால் பாதி மர்மம் அங்கேயே தீரும். வீட்டில் துணைக் கார்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடமும் கேளுங்கள். டேப்லெட்டில் பிள்ளைகள் தொட்டது அப்பா கார்டில் வருவது அடிக்கடி நடப்பது.

இந்த ஊருக்கே உரிய சில பிடித்தங்களும் புதியவர்களைக் குழப்பும். ஒவ்வொரு கிரெடிட் கார்டுக்கும், துணைக் கார்டுக்கும்கூட, ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. அது அரசாங்கத்துக்குப் போவது, சந்தா அல்ல. டச் அண்ட் கோ ஈவாலட் என்ற பணப்பை ஆப்பில் தானியங்கி ரீலோட் போட்டிருந்தால் இருப்பு குறையும்போதெல்லாம் கார்டிலிருந்து தொகை போகும். பேரங்காடியிலும் ரயில் நிலைய வாசலிலும் மேசை போட்டு, தொண்டு நிறுவனத்துக்கு மாத நன்கொடை கேட்பவர்களிடம் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால் அதுவும் மாதப் பிடித்தமே. கார்டு வந்த புதிதில் தொலைபேசியில் "சரி" என்று சொன்ன காப்புறுதி (இன்சூரன்ஸ்) திட்டமும் அப்படித்தான்.

தொகை நினைவில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் வரி உண்டு. அது 2024 மார்ச்சில் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. 50 வெள்ளிச் சந்தா 54 வெள்ளியாக வருவது அதனால்தான். டாலரில் போனால் மாற்று விகிதம் மாதத்துக்கு மாதம் நகரும், அதன் மேல் கார்டு நிறுவனமும் வங்கியும் சேர்க்கும் கட்டணமும் உண்டு.

சந்தா உங்களுடையதுதான், ஆனால் வேண்டாம் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே ரத்து செய்யுங்கள். ஆப்பை அழிப்பது ரத்து ஆகாது. கார்டை மாற்றுவதும் ஆகாது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய கார்டு எண்ணைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. வங்கி அதில் சேர்ந்திருந்தால் பழைய சந்தா புதிய கார்டிலும் தொடரும். ரத்து செய்த திரையைப் படம் எடுத்து, உறுதி மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதும் முதலில் அவர்களிடம்தான். கூகுள் பிளேயில் நீங்கள் செய்யாத பிடித்தம் என்றால் 120 நாளுக்குள் அவர்களிடமே புகார் தரலாம்.

ரத்து செய்த பிறகும் பிடித்தால் வங்கியிடம் ஆட்சேபப் படிவம் கேளுங்கள். கெடு வங்கிக்கு வங்கி மாறும். சில இடங்களில் ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 14 நாள்தான், ஆகவே அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கார்டின் கடைசி நான்கு எண், பிடித்த தேதி, வெள்ளியிலும் வெளிநாட்டுப் பணத்திலும் தொகை, ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே பெயர், ரத்து செய்த தேதி, அதற்கான சான்று: இவை போதும். முழுக் கார்டு எண்ணையும் பின்புறத்து மூன்று இலக்கத்தையும் மின்னஞ்சலில் எழுதவே கூடாது. போனில் சொன்னாலும் புகார் எண்ணை வாங்கி, அதைக் குறிப்பிட்டு எழுத்திலும் அனுப்புங்கள். காரணத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். நீங்களே ஆப்பில் ஒப்புதல் கொடுத்துச் சேர்ந்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று எழுதினால், அந்த ஒப்புதலின் பதிவை நிறுவனம் எடுத்துக் காட்டும், மனு அங்கேயே விழும். "இந்தத் தேதியில் ரத்து செய்தேன், அதற்குப் பிறகும் பிடித்தார்கள்" என்பதற்கு வலு அதிகம். இடையில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்தால் அதை முடிந்த கதையாக நினைக்காதீர்கள். எதிர்த்தரப்பின் சான்று வென்றால் மீண்டும் பற்று வைப்பார்கள்.

எங்கு தேடியும் தடயமே இல்லை, வீட்டில் யாரும் செய்யவில்லை என்றால் அது திருட்டுதான். தாமதிக்க வேண்டாம். ஆப்பிலேயே கார்டை முடக்கி, கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு அழையுங்கள். தொகை 4 வெள்ளி என்று விட்டுவிடாதீர்கள். கார்டு எண் வேலை செய்கிறதா என்று சிறு தொகையில் சோதித்துவிட்டுப் பெரிதாக இழுப்பது திருடர்களின் வழக்கம். போலீஸ் புகாரின் நகலை வங்கி கேட்டால், பிரிக்ஃபீல்ட்ஸோ பாயான் லெப்பாஸோ, அருகிலுள்ள நிலையத்தில் கொடுக்கலாம். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) எடுத்துச் செல்லுங்கள். "உங்கள் கார்டில் சந்தேகப் பிடித்தம்" என்று வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் பேச்சைத் துண்டியுங்கள். அந்த அழைப்பை நம்பி ஒப்புதல் கொடுத்துப் பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் சொல்லுங்கள்.

விசாரணை நடக்கிறது என்று கார்டுக் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். ஆட்சேபித்த தொகையை என்ன செய்வது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, மீதியைக் கெடுவுக்குள் கட்டுங்கள். குறைந்தபட்சம் கட்ட வேண்டியது பொதுவாகப் பாக்கியில் 5 விழுக்காடு, பாக்கி சிறிதானால் வங்கி வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகை. தவறினால் தாமதக் கட்டணம் 10 முதல் 100 வெள்ளி வரை, அதோடு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் பதிவிலும் ஏறும். நாளை கார் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது அதைத்தான்.

வங்கியின் பதில் சரியில்லை என்றால் முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். வழி தெரியாமல் நின்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் கேட்கலாம். இறுதிக் கடிதம் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும், எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.