பெயர் தெரியாத மாத்திரைத் துண்டு: பதின்வயதினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊத்தங்கரையிலோ தருமபுரியிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் பெட்டியில், சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நாலைந்து மாத்திரைத் துண்டுகள் கிடக்கும். முதல் தவறு அங்கேதான். பல அட்டைகளில் காலாவதி தேதி ஒரு ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். மெடிக்கலில் இரண்டு மாத்திரையைக் கத்தரித்துத் தரும்போது அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். சில சமயம் பெயரும் பாதியோடு போய்விடும். மிச்சம் ஒரு வெள்ளை வட்டம்.

அது காய்ச்சல் மாத்திரையா, பாட்டியின் சர்க்கரை மாத்திரையா? தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சில சர்க்கரை மாத்திரைகளை நோய் இல்லாத பிள்ளை விழுங்கினால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். துண்டாக வாங்கினால் முழு அட்டையின் பின்பக்கத்தைக் கடையிலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மருந்துக்குத் தனி டப்பா வையுங்கள்.

அதிகம் நடப்பது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது. காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமால் மூன்று வேளை. மூக்கு ஒழுகுகிறதே என்று சளி மாத்திரையும் மூன்று வேளை. பல சளி மாத்திரைகளில் 500 மி.கி. பாராசிட்டமால் உள்ளேயே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: ஒரு நாளில் 3,450 மி.கி. ஆகிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு வேளைக்கு 15 மி.கி., ஒரு நாளைக்கு 60 மி.கி. என்று கணக்கு வைத்தால், 40 கிலோ எடையுள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 600, நாளுக்கு 2,400தான் வரம்பு. அந்த 650-ஏ கொஞ்சம் அதிகம். 500 போதும், அதுவும் ஆறு மணி நேர இடைவெளியில். அளவு மீறினால் முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும், சில சமயம் அதுவும் இருக்காது. கல்லீரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். அதை முறிக்கும் மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்கக் கூடாது.

மழைக்காலக் காய்ச்சலுக்கு "உடம்பு வலி மாத்திரை கொடுங்க" என்று கேட்பது அடுத்தது. டெங்குவாக இருந்தால் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சளிக்கு அசித்ரோமைசின் வீண்; சாதாரண சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது.

படர்தாமரைக்கு நண்பன் கொடுத்த கிரீம் இன்னும் மோசம். அட்டைப்பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே போகும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வரும். முகம் வெளுக்க இதைப் பூசும் பிள்ளைகளுக்குத் தோல் மெலிந்து, பருவும் சிவப்பும்தான் மிஞ்சும். குளிக்கும் துண்டை ஒருவருக்கொருவர் மாற்றிப் பயன்படுத்துவதை நிறுத்தாமல் எந்தக் கிரீமும் விடுதியில் பலிக்காது.

மாதவிடாய் வலிக்கான மெஃபெனமிக் அமிலத்தை வெறும் வயிற்றில் போடாதீர்கள். போட்ட சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்பு வந்தால் டாக்டரிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள். கோயில் பயணத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை ஹார்மோன். அதைத் தோழியிடம் கேட்டுப் போடுவது கூடவே கூடாது.

தவறி அதிகம் விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். போகும்போது காலி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும்தான் டாக்டர் முதலில் கேட்பார்.