ஃபைபர் அறுந்தும் ரூட்டர் அறியாதபோது: ஈதர்நெட் லிங்க்கில் பழுதைக் கண்டறியும் முறை

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையும் தருமபுரியில் அதன் கிடங்கும் ஈதர்நெட் லிங்க் ஒன்றால் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோரம் எங்கோ பொக்லைன் தோண்டி ஃபைபர் அறுந்தால், இரு முனை ரூட்டர்களும் அதை உடனே அறிவதில்லை. ரூட்டரின் கேபிள் சேவை நிறுவனத்தின் ஸ்விட்சில் முடிவதால், அந்த ஸ்விட்ச் இயங்கும்வரை போர்ட்டின் பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். மாற்று லிங்க் தயாராக இருந்தும் தரவு அறுந்த பாதையிலேயே போய் வீணாகும்.

முதலில், இரு ரூட்டர்களின் கடிகாரங்களும் என்டிபி (கடிகார நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியாக ஒத்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, நிகழ்வுகளைப் பதியும் லாகைப் பாருங்கள். பிங்குக்கு (மறுமுனைக்கு அனுப்பும் சோதனைப் பாக்கெட்) பதில் நின்றதற்கும் நெய்பர், அதாவது மறுமுனை ரூட்டர், டவுன் ஆனதற்கும் இடையே 30 முதல் 40 வினாடிகள் கடந்திருந்தால், பாதையைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பின் வழக்கமான 10 வினாடி ஹலோ (‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் செய்தி), 40 வினாடி டெட் டைமர் (ஹலோ வராமல் காத்திருக்கும் அவகாசம்) ஆகியவற்றை மட்டுமே நம்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து, சிறு பாக்கெட்டுகளை அடிக்கடி பரிமாறிப் பாதையைச் சோதிக்கும் நெறிமுறையான பிஎஃப்டியை இரு முனைகளிலும் இயக்குங்கள். 300 மில்லிவினாடி இடைவெளியும் பெருக்கி (தொடர்ந்து எத்தனை பாக்கெட் வராவிட்டால் பழுது என்ற எண்) 3உம் வைத்தால், ஏறத்தாழ 900 மில்லிவினாடியில் பழுது தெரிந்துவிடும். இன்டர்ஃபேஸில் இடைவெளியை அமைத்தால் மட்டும் போதாது, ஓஎஸ்பிஎஃப்பையும் பிஎஃப்டியுடன் இணைக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பிஎஃப்டி செஷன் (இரு முனைகளுக்கிடையேயான தொடர்பு) மேலெழவில்லை என்றால் இரு முனைகளின் நிலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓசூரில் இனிட் (மறுமுனையின் பாக்கெட் வருகிறது), தருமபுரியில் டவுன் (எதுவும் வரவில்லை) என்று நின்றால், ஓசூரிலிருந்து புறப்படும் பாக்கெட்டுகள் தருமபுரியை அடையவில்லை. பிஎஃப்டி பயன்படுத்தும் யூடிபி 3784 என்ற போர்ட் எண்ணை ஏதேனும் ஏசிஎல் (பாக்கெட்டுகளை வடிகட்டும் விதிப்பட்டியல்) தடுக்கிறதா என்று அந்தத் திசையில் தேடுங்கள்.

லிங்க் நலமாக இருந்தும் செஷன் விழுந்து எழுந்துகொண்டிருந்தால், விழுந்த காரணத்தைச் சொல்லும் டயக்னாஸ்டிக் எண்ணைக் கவனியுங்கள். 1 என்று காட்டும் முனைதான் பாக்கெட் வராமல் காத்திருந்து கைவிட்டது. 3 என்று காட்டும் முனை, மறுமுனை சொன்னதைக் கேட்டு விழுந்தது. பெரும்பாலும் காரணம் நெரிசல்தான். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் 50 மெகாபிட் மட்டுமே வாங்கியிருந்தால், மிகுதியை நிறுவனத்தின் ஸ்விட்ச் தரம் பாராமல் உதிர்க்கும், பிஎஃப்டியும் அதில் போகும். ஆகவே ரூட்டரிலேயே 50 மெகாபிட்டுக்கு ஷேப்பிங் (அனுப்பும் வேகத்தை வரம்புக்குள் வைப்பது) அமைத்து, பிஎஃப்டிக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கும் முன்னுரிமை கொடுங்கள். அதைச் செய்யாமல் இடைவெளியை மட்டும் கூட்டுவது பழுதை மறைப்பதாகும்.

சோதனைக்கு ஓசூரின் கேபிளைக் கழற்றிப் பயனில்லை, போர்ட்டே அணைந்துவிடும். தருமபுரியில் கழற்றச் சொல்லிவிட்டு, ஓசூரில் போர்ட் எரியும் நிலையிலேயே பிஎஃப்டி டவுன் ஆகிறதா, மாற்று லிங்க்குக்குப் பாதை மாறுகிறதா என்று லாகில் பாருங்கள்.