அமெரிக்காவில் நர்சிங் ஹோம் நிர்வாகி லைசென்ஸ்: விண்ணப்பம் முதல் தேர்வு வரை

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கைகள் கொண்ட சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் நடக்கும் இடம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. தானாக எழுந்து நடக்க, குளிக்க, மருந்து எடுத்துக்கொள்ள முடியாத முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தங்கி, 24 மணி நேர நர்சிங் பராமரிப்பு பெறும் இடம் அது. டாக்டரோ நர்ஸோ அதன் தலைமைப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் லைசென்ஸ் பெற்ற நிர்வாகி ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

1967-இல் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த திருத்தம்தான் இதன் தொடக்கம். மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் நிதி வேண்டும் என்றால், நர்சிங் ஹோம் நிர்வாகிகளுக்கு மாநிலமே லைசென்ஸ் முறை நடத்த வேண்டும் என்று அது சொன்னது. லைசென்ஸ் வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதை எப்படிக் கொடுப்பது என்பது மாநிலத்தின் கையில். நாடு முழுக்கச் செல்லும் ஒரே லைசென்ஸ் கிடையாது. புதிதாக வருபவர்கள் தடுமாறுவதில் பாதி இந்த ஒரு விஷயம் புரியாமல்தான்.

படி 1: முதலில் மாநிலம், பிறகுதான் படிப்பு

எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ஒரு கோர்ஸுக்கும் பணம் கட்டாதீர்கள். கலிஃபோர்னியாவில் பொதுச் சுகாதாரத் துறைக்குள் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நர்சிங் ஹோமிலேயே வேலை கற்கும் பயிற்சி (படி 3-இல் விவரம்) வழியாக வருபவர்களுக்கு அங்கே 1,000 மணி நேரம். ஃப்ளோரிடாவில் சுகாதார நிர்வாகத்தில் பட்டம் இருந்தால் 1,000 மணி நேரப் பயிற்சி, வேறு பாடத்தில் பட்டம் என்றால் 2,000. நியூயார்க்கில் பட்டத்தோடு குறிப்பிட்ட பாடங்களும் வேண்டும், பயிற்சியும் மணிக்கணக்கில் இல்லை, 12 மாதம். டெக்சாஸில் பட்டத்தோடு நீண்டகாலப் பராமரிப்பு நிர்வாகத்தில் 15 செமஸ்டர் கிரெடிட் கேட்பார்கள்.

ஆக, ஃப்ளோரிடாவில் பொறியியல் பட்டதாரியும் சுகாதார நிர்வாகப் பட்டதாரியும் ஒரே நாளில் தொடங்கினாலும், ஒருவர் ஆறு மாதத்தில் முடிப்பார், மற்றவருக்கு ஒரு வருடம் ஆகும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் லைசென்ஸ் வழங்கும் மாநில போர்டின் தளத்தில் உள்ள விதித் தொகுப்பையே பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

படி 2: பட்டமும் பெயரும்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பட்டம் வாங்கியவர்கள் அதை அமெரிக்கப் படிப்புக்கு இணையாக மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். மதிப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று பட்டத்தின் பெயரை மட்டும் சொல்வது, மற்றது பாடவாரியாகக் கிரெடிட்டையும் மதிப்பெண்ணையும் பிரித்துக் காட்டுவது. பாடவாரி மதிப்பீட்டையே வாங்குங்கள். குறிப்பிட்ட பாடங்களில் கிரெடிட் கேட்கும் மாநிலத்துக்கு மற்றது பயன்படாது. மூன்று வருட பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். பட்டங்களை எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் நான்கு வருட அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. மேலே முதுகலை இருந்தால் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

நம்மவர்களை வழக்கமாக மாட்டிவிடுவது இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எம். கவிதா' என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் 'கவிதா முருகேசன்'. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் மூன்றாவதாக ஒரு பெயர். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய கட்டணமும் போய்விடும். முதல் விண்ணப்பத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட் பெயருக்குக் கொண்டுவந்து, பழைய சான்றிதழுக்கு ஒரு அஃபிடவிட் சேர்த்து வையுங்கள்.

படி 3: ஏஐடி, அதாவது பயிற்சி நிர்வாகிக் காலம்

இந்தப் பயிற்சியை எல்லோரும் 'ஏஐடி' என்றுதான் சொல்வார்கள். லைசென்ஸ் பெற்ற அனுபவமுள்ள நிர்வாகி ஒருவரின் கீழே, அவருடைய நர்சிங் ஹோமிலேயே ஒவ்வொரு துறையாக வேலை கற்பது. அவருக்குப் பெயர் 'பிரிசெப்டர்'. எல்லா நிர்வாகிகளும் பிரிசெப்டர் ஆகிவிட முடியாது, அதற்கும் மாநிலத்தின் தகுதி விதிகள் உண்டு. ஒருவர் ஒப்புக்கொண்டால், அவருக்கு அந்தத் தகுதி இப்போது நடப்பில் இருக்கிறதா என்று போர்டில் சரிபார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

வரிசை இதுதான்: பிரிசெப்டரைக் கண்டுபிடிப்பது, பயிற்சித் திட்டத்தை எழுதுவது, போர்டுக்கு அனுப்புவது, ஒப்புதல் கடிதம் வருவது, அதன் பிறகு முதல் மணி நேரம். ஒப்புதலுக்கு முன் செய்த மணி நேரத்தைப் போர்டு கணக்கில் எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஆர்வத்தில் தொடங்கி ஆறு வாரத்தை இழப்பவர்கள் உண்டு.

1,000 மணி நேரத்தை வாரம் 40 மணி என்று போட்டால் 25 வாரம். மாநிலமே பங்கீடு கொடுத்திருந்தால் அதன்படி போங்கள். இல்லாவிட்டால் இந்தக் கணக்கு சரியாக வரும்: நர்சிங்கும் மருத்துவப் பதிவுகளும் 250, நிர்வாகமும் சட்ட விதிகளும் 200, நிதியும் பில்லிங்கும் 150, பணியாளர் துறை 120, சமையலறை 80, கட்டடப் பராமரிப்பும் தீப் பாதுகாப்பும் 80, சேர்க்கையும் சமூகப் பணியும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளும் 80, பிசியோதெரபி போன்ற சிகிச்சைப் பிரிவு 40. நர்சிங்குக்கான மணி நேரத்தில் ஒரு பகுதியை இரவு ஷிஃப்டிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வையுங்கள். ஆள் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான்.

பயிற்சிக் குறிப்பேட்டில் 'நர்சிங் துறை, 8 மணி நேரம்' என்று மட்டும் எழுதினால் போர்டு திருப்பி அனுப்பலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்களுக்கே அதிலிருந்து ஒன்றும் மிஞ்சாது. இப்படி எழுதுங்கள்: 'காலை 7 மணி ஷிஃப்ட் மாற்றத்தில் இருந்தேன். மருந்து வண்டியோடு போய் 28 மருந்துகள் கொடுக்கப்படுவதைப் பார்த்தேன். இரண்டு பிழை. உணவோடு தர வேண்டிய மாத்திரை வெறும் வயிற்றில் தரப்பட்டது, ஒரு கண் சொட்டு மருந்து விடுபட்டது. 28-இல் 2, அதாவது 7.1 சதவீதம்.' மத்திய விதிப்படி மருந்துப் பிழை 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆக அன்று சர்வேக்கு, அதாவது அரசின் ஆய்வுக்கு, ஆட்கள் வந்திருந்தால் இது குறைபாடாகப் பதிவாகியிருக்கும். இப்படி எழுதிப் பழகியவருக்குத் தேர்வுக் கேள்வி புதிதாகத் தெரியாது.

இங்கே இன்னொரு சிக்கலும் வரும். பயிற்சி நடக்கும்போதே அதே இடத்தில் ஒரு துறையின் முழுநேரப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சம்பளம் கிடைக்கிறதே என்று ஏற்றுக்கொண்டால் மற்றத் துறைகளின் மணி நேரம் காகிதத்தில் மட்டும் இருக்கும். எந்த நேரம் எதற்கு என்பதைத் தொடக்கத்திலேயே பிரிசெப்டரோடு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிசெப்டர் நடுவில் வேலை மாறிப் போனால் அன்றே போர்டுக்குத் தெரிவித்து, அதுவரை முடிந்த மணி நேரத்துக்கு அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

படி 4: தேசியத் தேர்வு

மாநில போர்டுகளின் கூட்டமைப்பான நாப் நடத்தும் தேர்வு இது. கணினியில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. 2017 முதல் இரண்டு பகுதி. 'கோர்' என்ற பொதுப் பகுதியில் மதிப்பெண்ணுக்கு எடுக்கப்படும் கேள்விகள் 100. நர்சிங் ஹோமுக்கென்று உள்ள பகுதியில் 50. இவற்றோடு மதிப்பெண் இல்லாத சோதனைக் கேள்விகளும் கலந்து வரும். எது அது என்று சொல்ல மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் விடையளிக்க வேண்டியதுதான். இரண்டு பகுதியிலும் தேற வேண்டும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மாநிலச் சட்டத்துக்குத் தனியாக இன்னொரு தேர்வும் உண்டு.

பாடத்திட்டம் நான்கு பிரிவு: பராமரிப்பும் சேவைகளும், செயல்பாடு, சூழலும் தரமும், தலைமைத்துவமும் திட்டமிடலும். ஐந்து பிரிவாகப் பிரித்த பழைய புத்தகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2022-க்கு முந்தைய பதிப்பு என்றால் வாங்காதீர்கள்.

நர்ஸாக இருந்து வருபவர்கள் நிதியிலும் தொழிலாளர் சட்டத்திலும் இடறுவார்கள். எம்.பி.ஏ. படித்து வருபவர்கள் பராமரிப்பு விதிகளில் இடறுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததை மறுபடி மறுபடி படிப்பது சுகமாக இருக்கும், மதிப்பெண் அதில் ஏறாது. பலவீனமான பிரிவிலிருந்து தொடங்குங்கள்.

விதிகளில் வரும் எண்களைக் கையால் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் 48 மணி நேரத்துக்குள். முழு மதிப்பீடு 14 நாளுக்குள். அது முடிந்து 7 நாளுக்குள் விரிவான பராமரிப்புத் திட்டம். டாக்டர் நேரில் பார்ப்பது முதல் 90 நாளில் 30 நாளுக்கு ஒரு முறை, பிறகு 60 நாளுக்கு ஒரு முறை. பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் தினமும் தொடர்ச்சியாக 8 மணி நேரம், வாரம் ஏழு நாளும். 120 படுக்கைக்கு மேல் இருந்தால் முழுநேரச் சமூகப் பணியாளர். உதவி நர்ஸான சி.என்.ஏ.வுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, படுக்கும் முன் சத்தான சிற்றுண்டி கொடுத்து, தங்கியிருப்பவர்களின் குழுவும் ஒப்புக்கொண்டால் 16 வரை போகலாம். அறை வெப்பம் 71 முதல் 81 டிகிரி ஃபாரன்ஹீட்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். மாலை 5 மணிக்குச் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிப் பாட்டி மறுநாள் 9 மணிவரை பசியோடு கிடக்கக் கூடாது என்பதுதான் அந்த 14. காரணத்தோடு படித்தால் எண் மறக்காது.

கேள்வி எப்படி வரும் என்பதற்கு நாமே ஒன்று அமைத்துப் பார்ப்போம். மாலை 4 மணி. ஒரு சி.என்.ஏ. மூதாட்டி ஒருவரைக் கன்னத்தில் அடித்ததாகச் சக ஊழியர் வந்து சொல்கிறார். உடலில் காயம் இல்லை. நிர்வாகி முதலில் செய்ய வேண்டியது எது?

அ. சி.என்.ஏ.வை உடனே வேலையிலிருந்து நீக்குவது.
ஆ. மூதாட்டியின் பாதுகாப்பை உறுதிசெய்து, அந்த சி.என்.ஏ. அங்குள்ள யாரையும் நெருங்காமல் விலக்கி வைப்பது.
இ. விசாரித்து உண்மை தெரிந்த பிறகு மாநிலத்துக்குத் தெரிவிப்பது.
ஈ. காயம் இல்லாததால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது.

விடை ஆ. நிறையப் பேர் ஈ-இல் விழுவார்கள். அடித்தல், கொடுமை என்ற குற்றச்சாட்டு வந்தாலே காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், இங்கே மாலை 6 மணிக்குள். 24 மணி நேர அவகாசம் கொடுமையும் பலத்த காயமும் இல்லாத சம்பவங்களுக்கு மட்டும். விசாரணை முடிவு 5 வேலை நாளுக்குள். இ தவறு, ஏனென்றால் தெரிவிப்பதற்கு உண்மை நிரூபணமாக வேண்டியதில்லை. 'முதலில்' என்ற சொல் கேள்வியில் வந்தால், தங்கியிருப்பவரின் பாதுகாப்பு எந்த விடையில் இருக்கிறது என்று தேடுங்கள்.

ஒரு பகுதியில் தேறி மறுபகுதியில் தவறினால் தவறியதை மட்டும் எழுதினால் போதும். எவ்வளவு நாள் கழித்து, எத்தனை முறை என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. தேர்வு எழுத வரும் அனுமதிக்கும் கடைசித் தேதி உண்டு. அனுமதி வந்த அன்றே இடம் பதிவு செய்துவிடுங்கள்.

படி 5: கைரேகை, லைசென்ஸ், அதன் பிறகு

குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகை கொடுக்க வேண்டியிருக்கும். பழைய வழக்கு எதுவும் இருந்தால், தள்ளுபடியானதாக இருந்தாலும், விண்ணப்பத்தில் கேட்டபடி எழுதிவிடுங்கள். வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய பிரச்சினையாக வெடிக்கும்.

கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 40 மணி நேரத் தொடர்கல்வி. வகுப்பு எடுக்கும் முன் உங்கள் மாநிலம் அதை ஏற்குமா என்று பாருங்கள்.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் லைசென்ஸ் தானாக உங்களோடு வராது, அங்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தேசியத் தேர்வு மதிப்பெண்ணை அங்கே அனுப்பச் சொல்லலாம். பயிற்சி மணி நேரத்துக்கு மட்டும் புது போர்டு பழைய கையெழுத்தைக் கேட்கும். பத்து வருடம் கழித்துப் பிரிசெப்டர் ஓய்வு பெற்றிருப்பார், நர்சிங் ஹோமே கைமாறியிருக்கும். அதனால் ஒப்புதல் கடிதம், வாராந்திரக் குறிப்பேடு, பிரிசெப்டர் கையெழுத்திட்ட இறுதிச் சான்று ஆகிய மூன்றையும் ஸ்கேன் செய்து, மூலத்தை வீட்டிலும் பிரதியை வேறு ஓரிடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.