வாதாமரத்து வௌவாலைச் சலீம் அலி வௌவால் என்னாதீர்கள்

பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் விடிந்ததும் வாதாமரத்தடியில் சதை கடித்த காய்கள் சிதறிக் கிடக்கும். குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் வேலை அது. பகலில் பனையோலைக்கு அடியிலும் நெட்டிலிங்கத்திலும் தொங்குவதும் பெரும்பாலும் அதுவே. அதைப் படமெடுத்து, "அரிய சலீம் அலி வௌவால்" என்று பகிர்கிறார்கள். சலீம் அலி பழந்தின்னி வௌவால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளைத் தாண்டி வருவதில்லை.

இந்தக் குழப்பம் பழையது. 1948இல் தேனி மாவட்ட மேகமலையில் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் சேகரித்த சலீம் அலி வௌவாலைக் குறுமூக்கு வௌவால் என்று எழுதியே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வைத்திருந்தார்கள். 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லாங்யாதான் அதைத் தனிப் பேரினம் என்று விவரித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பெயரை வைத்துச் சலீம் அலியே கண்டுபிடித்தார் என்று எழுதுபவர்களும் உண்டு. 1993இல்தான் அது மறுபடி கண்ணில் பட்டது.

அளவை வைத்துப் பிரிக்க முயல்வது வீண். இரண்டுக்கும் முன்கை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். வாலைப் பாருங்கள்: குறுமூக்கில் சின்னதாய் ஒன்று நீட்டியிருக்கும், சலீம் அலியில் வெளியே தெரியும் வாலே இல்லை. குறுமூக்கின் காது விளிம்பு வெளிறியிருக்கும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அது ஏமாற்றும். உறுதி செய்வது பல்தான். சலீம் அலிக்கு மேலும் கீழும் ஒரேயொரு ஜோடி வெட்டுப்பல், குறுமூக்குக்கு இரண்டிரண்டு ஜோடி. ஆக, பறக்கும்போது எடுத்த படத்தில் இனம் சொல்ல முடியாது.

மேகமலைக்குப் போகிறவர்கள், வௌவால் எழுப்பும் காதுக்கெட்டாத ஒலியைப் பிடிக்கும் மீயொலிக் கருவியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பூச்சி தின்னும் வௌவால்களுக்கு அது உதவும். சலீம் அலி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பி இரை தேடுவது; எதிரொலிக்காகக் கத்தாது. கருவி மௌனமாக இருந்தால் வௌவால் இல்லை என்று பொருளல்ல.

இவை குகைகளில் தங்குபவை. டார்ச் அடித்து, ஃபிளாஷ் போட்டு உள்ளே நுழைந்தால் கூட்டமே கலையும். குட்டி சுமக்கும் தாய் அதைத் தவறவிடவும் கூடும். மேகமலை புலிகள் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதும், வலை கட்டுவதும் குற்றம்.

பழந்தின்னி வௌவால்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் இருப்பவைதானே என்கிறவர்களும் உண்டு. அந்தப் பட்டியலே 2022 திருத்தத்தில் போய்விட்டது. சலீம் அலி வௌவால் அதற்கு முன்பே உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருந்தது.