கடல்நீர்த் தொட்டிக்கான பாறையைப் பக்குவப்படுத்தல்

திருகோணமலையில் வீட்டிலே கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புவோர் பலரும் முதலில் கேட்பது, மீன்கழிவின் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் குடியிருப்பதற்கான பாறையைக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான். எடுக்கக் கூடாது. நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவு 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டைக் கொண்டுவருவதும் குற்றம். பூங்காவுக்கு வெளியேயும் கரையோர வலயத்தில் முருகைக்கல் (பவளப்பாறை) அகழ்வது சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. கரையொதுங்கிய துண்டுதானே என்று பொறுக்கி வருவோரும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று காட்ட அவர்களிடம் எந்த வழியும் இராது. ஆகவே பாறையை நாமே வார்த்துப் பக்குவப்படுத்துவதே இவ்வூருக்குப் பொருத்தமான முறை என்பது என் கருத்து.

வார்ப்பதற்கு ஒரு பங்கு வெள்ளைச் சீமெந்து, இரண்டு பங்கு நொறுக்கிய சிப்பி ஓடு, இரண்டு பங்கு கல்லுப்பு போதும். கோழித் தீனியுடன் சேர்ப்பதற்காக விற்கும் சிப்பி நன்றாகவே உதவும். நீரை மிகக் குறைவாகச் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசைந்து, ஈர மணலில் தோண்டிய குழிகளில் ஒழுங்கில்லாத வடிவங்களாக அமுக்கி விடுங்கள். இரும்புக் கம்பி எதையும் உள்ளே வைக்க வேண்டாம். உப்பு பின்னர் கரைந்து வெளியேறும்போது விட்டுச்செல்லும் துளைகளே பற்றீரியாக்களுக்கு இடமாகின்றன. இரண்டு நாட்களின் பின் வெளியே எடுத்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமை நிழலில் வைத்திருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாக்கு விரைவில் காய்ந்துவிடுமாதலால் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். நூறு லீற்றர் தொட்டிக்கு எட்டு முதல் பத்துக் கிலோகிராம் வரை தாராளம்.

இனித்தான் பொறுமை தேவைப்படும். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு நீரில் கசிந்துகொண்டே இருக்கும். அது நீரின் காரத்தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானத்தை 11க்கும் மேலே உயர்த்தி எந்த உயிரையும் கொல்லவல்லது. பாறைகளைப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாவில் நன்னீருக்குள் அமிழ்த்தி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை நீரை முழுவதும் மாற்றுங்கள். அந்த நீர் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அணிவதும், அதைப் பூங்கன்றுகளுக்கு ஊற்றாதிருப்பதும் அவசியம். இதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ செல்லலாம். பாறையின் தடிப்பு, சீமெந்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இது வேறுபடுமாதலால் நாட்காட்டியை நம்புவதைவிடச் சோதிப்பதே சரி. புதிய நீரில் பாறையை மூன்று நாட்கள் அசையாமல் வைத்து, அந்த நீரின் பீ.எச். பெறுமானத்தை, பாறை இடாமல் தனியே வைத்த அதே நீருடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சுண்ணாம்பு அடங்கிவிட்டது. நீர்ப்பரப்பில் வெண்ணிற ஆடை படியுமானால் இன்னும் அடங்கவில்லை.

அடுத்தது உயிர் குடியேறும் கட்டம். உப்பு நீரின் சாரடர்த்தி (நன்னீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) 1.025, அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, என்ற அளவில் இருக்க வேண்டும். மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பைக் கரைக்கலாம்; கடல்நீரே எடுப்பதானால், கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் நிலாவெளிப் பக்கத்துத் திறந்த கடலில் எடுங்கள். கப்பல்கள் வந்துபோகும் உட்துறைமுகத்து நீர் வேண்டாம். கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கலப்பதால், வாடைக்கால மழையில் அங்கு உப்பின் செறிவு குறைந்து நீரும் கலங்கிவிடும்.

பாறைகளை அந்த நீரில் அடுக்கி, நீரோட்டம் உண்டாக்கும் பம்ப் ஒன்றை இடைவிடாது இயக்குங்கள். ஒளி படாமல் மூடி வைத்தால் பாசி பிடிக்காது. இந்த ஊரில் வெப்பமூட்டி தேவையில்லை, கவலை மறுபக்கத்தில்தான். நீர் சூடாகும் அளவுக்கு அதில் கரையும் ஒட்சிசன் குறையும், அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களுக்கோ ஒட்சிசன் இன்றியமையாதது. ஆகவே பீப்பாவைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல் காற்றோட்டமான நிழலில் வைத்து, மின்வெட்டுக்காக மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றையும் கைவசம் வைத்திருங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. கிணற்று நீரில் கனிமங்கள் மிகுதியாக இருக்குமாதலால் கனிமங்களை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. நீர் சிறந்தது, குழாய் நீரானால் குளோரினை நீக்கிய பின்னரே ஊற்றுங்கள்.

பற்றீரியாக்கள் தாமாகவும் வரும், ஆனால் தாமதமாக. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ வடிகட்டிப் பஞ்சோ வாங்கி இட்டால் வேகம் கூடும். அவற்றுக்கு உணவாக, மீன்தொட்டிக்கென விற்கும் அமோனியாவைச் சோதனைப் பொதியால் அளந்து, லீற்றருக்கு 2 மில்லிகிராம் வருமாறு சேருங்கள். ஓர் இறாலை அழுகவிடுவது பழைய வழி. நடக்கத்தான் செய்யும், ஆனால் அளவு கைக்குள் நிற்காது, வீட்டாரும் வாடையைப் பொறுக்க மாட்டார்கள். முதலில் அமோனியா இறங்கி, அதிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் நைத்திரேற்றாக மாறி இறங்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியாவை இட்டு 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டுமே சுழியத்துக்கு வந்தால் பாறை தயார். எஞ்சி நிற்கும் நைத்திரேற்றை நீக்கப் பெரும்பகுதி நீரை மாற்றிவிடுங்கள்.

தொட்டியைக் கலைக்கும் ஒருவரிடமிருந்து ஏற்கெனவே உயிருள்ள பாறை கிடைத்தால் செய்முறை சற்று வேறுபடும். இறந்த கடற்பஞ்சுகளை உப்புநீரில் பிடித்துத் தூரிகையால் தேய்த்து அகற்றி, இருட்டில் ஓட்டமுள்ள உப்புநீரில் வைத்து, அமோனியா ஏறும்போதெல்லாம் பாதி நீரை மாற்றி வந்தாலே போதும். தனியாக அமோனியா சேர்க்க வேண்டியதில்லை. நன்னீரில் கழுவினால் நாம் காக்க விரும்பும் உயிர்களே இறந்துபோகும். பூச்சியைக் கொல்வதற்கென்று அத்தகைய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். அதில் சோவாந்திட் என்னும், முருகைக்கு உறவான மெல்லுடல் உயிர்கள் ஒட்டியிருந்தால், அவற்றில் இருக்கக்கூடிய பலிரொக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியுடன் எழுந்து வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக் கூடும். தேய்க்கும்போதும் கையுறையும் கண்காப்பும் அணியுங்கள்.

பக்குவமான பாறையை ஈரம் காயாமல் தொட்டிக்கு மாற்றி, முதலில் ஓரிரு சிறிய மீன்களை மட்டும் விடுங்கள். தொடக்கக் கிழமைகளில் கபில நிறப் படிவு பாறையை மூடலாம். அது பெரும்பாலும் தயற்றம் என்னும் நுண்பாசி, தானாகவே குறைந்துவிடும். அதற்காக மருந்து எதையும் ஊற்றாமல், இரண்டு நாட்களுக்கு ஒரு முறை அமோனியாவைச் சோதித்து, அது சுழியத்திலேயே நின்றால் அடுத்த மீனை வாங்குங்கள்.