கத்திரி வெயிலை அளக்கும் பழைய ஏசி 128 டிரான்சிஸ்டர்

பரணில் ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் பின்மூடியைக் கழற்றி ஒருமுறை உள்ளே பாருங்கள். மூன்று கால்களோடு சின்னச் சின்ன உலோகக் குப்பிகள் நிற்கும். மேலே ஏசி 128 (AC128) என்று எழுதியிருந்தால் அது ஜெர்மானியம் என்ற தனிமத்தால் செய்த டிரான்சிஸ்டர். சிலவற்றில் பிஇஎல் என்ற முத்திரையும் இருக்கும். நம் ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) என்று நினைத்துவிடாதீர்கள். இது பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்.

1947இல் உருவான உலகின் முதல் டிரான்சிஸ்டரே ஜெர்மானியத்தில் செய்ததுதான். பிறகு சிலிக்கான் வந்து அதை ஓரங்கட்டியது. முக்கியக் காரணம் வெப்பம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் மின்சாரத்தை விடாமல் அடைத்திருக்கும்போதும் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் கசியும். சூடு 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சிலிக்கானிலும் கசிவு ஏறும், ஆனால் தொடக்கமே மிகச் சிறியது என்பதால் மீட்டரில் தெரியாது. மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டும் மதியத்தில் பழைய ரேடியோவின் குரல் உடைவதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம். ரேடியோவுக்குத் தொல்லை கொடுத்த அதே குணத்தை வைத்து நாம் வெப்பமானி செய்யப்போகிறோம்.

தேவையானவை: ஒரு ஏசி 128, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2000 மைக்ரோ ஆம்பியர் வரை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர், மெல்லிய ஒயர் இரண்டு மூன்று மீட்டர்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பேட்டரியில் மட்டும் ஓடும் ரேடியோவையே திறங்கள். வால்வு ரேடியோவைத் தொடவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அதன் கண்டன்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

படி 1: கழற்றுவது. ஜெர்மானியத்துக்குச் சால்டரிங் அயர்னின் சூடே ஆகாது. ஒவ்வொரு காலையும் மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று விநாடிக்குள் ஈயத்தை உருக்கி இழுத்துவிடுங்கள். குறடு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு கால் வந்ததும் ஆறவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கையோடு கையாக, ஸ்டேஷன் மாற்றத் திருகும் கேங் கண்டன்சரையும் கண்ணாடி டயோடுகளையும் எடுத்து வையுங்கள், வேறு வேலைக்கு ஆகும். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் வேண்டாம். நம் ஊர் சூட்டில் இத்தனை வருடம் கிடந்தவை உள்ளே காய்ந்துபோயிருக்கும்.

படி 2: பேஸைக் கண்டுபிடிப்பது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று பெயர். மீட்டரை டயோடு சோதனைக்கு மாற்றுங்கள். கறுப்பு முனையை ஒரு காலில் வைத்து, சிவப்பை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டிலும் 100 முதல் 300 வரை காட்டினால், கறுப்பு இருக்கும் கால்தான் பேஸ். 600 பக்கம் காட்டினால் அது சிலிக்கான், இந்த வேலைக்கு உதவாது. எப்படி வைத்தாலும் பூஜ்யம் என்றால் டிரான்சிஸ்டர் போய்விட்டது.

படி 3: இணைப்பது. பேஸை எதிலும் சேர்க்காமல் விடுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸை மீதி இரண்டு கால்களில் ஒன்றுக்குக் கொடுங்கள். இன்னொரு காலிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து மீட்டரின் சிவப்பு, கறுப்பிலிருந்து பேட்டரியின் மைனஸ். 2000 மைக்ரோ ஆம்பியரில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இரண்டு கால்களையும் மாற்றிப் போடுங்கள். எப்படிப் போட்டால் அதிகம் காட்டுகிறதோ அதுவே சரி. அப்போது பிளஸ்ஸில் இருக்கும் கால் எமிட்டர், மற்றது கலெக்டர். இப்போது குப்பியை விரலால் பிடியுங்கள். எண் மடமடவென்று ஏறும், விட்டால் மெல்ல இறங்கும். முதல்முறை இதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம்.

சாதாரண அறை வெப்பத்திலேயே 400க்கு மேல் காட்டினால் மதிய வெயிலில் அளவு முட்டிக்கொள்ளும். அப்படியானால் எமிட்டரைக் கழற்றிவிட்டு, பிளஸ்ஸைப் பேஸுக்குக் கொடுத்து, மீட்டரை 200 மைக்ரோ ஆம்பியருக்கு மாற்றுங்கள். கசிவு பல மடங்கு குறைந்து அளவுக்குள் வந்துவிடும்.

படி 4: அளவு குறிப்பது. இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு ஏசி 128 மாதிரி இன்னொன்று கசியாது, அதனால் உங்களுடையதற்கு நீங்களே அட்டவணை போடவேண்டும். டிரான்சிஸ்டரை ஒரு அறை வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, விடியற்காலை, பத்து மணி, இரண்டு மணி, இரவு என்று இரண்டையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, உருகும் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் பூஜ்யம் டிகிரிக்கான புள்ளியும் கிடைக்கும். கொதிக்கும் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், ஜெர்மானியம் தாங்காது. புள்ளிகளை கிராஃப் தாளில் வைத்துச் சேர்த்தால் மேலே போகப் போகச் செங்குத்தாகும் ஒரு கோடு வரும்.

என்னிடம் இருப்பது காலையில் 27 டிகிரியில் 210 காட்டியது. மதியம் 41 டிகிரியில் 560. நீளமான ஒயரில் கட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தொங்கவிட்டு, மீட்டரைக் கூடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து வேப்பமரத்தடிக்கு இன்னொன்று கட்டவேண்டும். அதற்கு ஏசி 128 ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.