வரவுச் சரக்கில் தடைசெய்யப்பட்ட நச்சுப்பொருள்களை எக்ஸ்ரே கருவியால் சோதிக்கும் முறை

தடைசெய்யப்பட்ட நச்சுப்பொருள் இல்லை என்று சப்ளையர் சரக்கோடு அனுப்பும் உறுதிமொழிக் கடிதம் ஏதோ ஒரு மாதிரியைச் சோதித்து எழுதப்பட்டது. நம் கைக்கு வந்திருப்பது வேறொரு தொகுதி. அதனால் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, பொருளை எக்ஸ்.ஆர்.எஃப் கருவியில், அதாவது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கருவியில், வைத்துப் பார்ப்பதே முறை.

மின், மின்னணுப் பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹ்ஸ் என்னும் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டு விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி காட்மியம் 0.01 சதவீதத்தையும், ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், இருவகைப் புரோமின் தீத்தடுப்பிகள் ஆகியவை தலா 0.1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இந்த வரம்பு முழு மின்சாதனத்தின் எடைக்கு உரியதன்று. வெட்டியோ சுரண்டியோ மேலும் பிரிக்க முடியாத ஒவ்வொரு தனிப்பொருளுக்கும் உரியது. ஒயரின் மேலுறையில் ஈயம் மிகுந்திருந்தால், உள்ளே உள்ள செம்பு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அந்த ஒயர் தேறாது. ஆகவே கழற்றுவதும் உரிப்பதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி என்பேன். அதில் அவசரப்பட்டவருக்குக் கருவி தரும் எண்ணால் பயனில்லை.

அளக்குமுன் அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கா உலோகமா என்பதற்கேற்ற அளவீட்டு முறையைத் தேர்ந்து, கதிர் வெளிவரும் சாளரம் முழுவதையும் பொருள் மூடும்படி வைக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாளானால் சில மில்லிமீட்டர் கனம் வரும்வரை அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் ஊடுருவிச் சென்று, உள்ள அளவைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். கதிர் வெளிவரும் வேளையில் மாதிரியைக் கையில் பிடித்திருக்கவே கூடாது.

முடிவு தேறியது, தேறாதது, ஐயத்திற்குரியது என மூவகைப்படும். ஈயத்தின் வரம்பான 0.1 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 1000 பங்கு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62321-3-1 தரப்படி, 700 பங்கிலிருந்து அளவீட்டுப் பிழையின் மும்மடங்கைக் கழித்து, பிளாஸ்டிக்கில் ஈயம் அதற்குக் கீழே இருந்தால் ஏற்கலாம். 1300 பங்கோடு அதே மும்மடங்கைக் கூட்டி, அதற்கு மேல் போனால் நிராகரிக்கலாம். இடைப்பட்டவை ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தனிமமும் கருவி காட்டும் நிறமாலையில் தனக்குரிய ஆற்றலில் கோடாகத் தெரியும். ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், அதாவது 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், விழுவதால், ஈயத்தின் 12.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டையும் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கருவி தனிமத்தை மட்டுமே காணும், சேர்மத்தைக் காணாது. சர்க்யூட் பலகையில் புரோமின் ஏராளமாகத் தெரிவது பெரும்பாலும் தடைசெய்யப்படாத தீத்தடுப்பியால்தான்; அதைக் கண்டு சரக்கைத் திருப்பி அனுப்புவது சப்ளையருக்கு இழைக்கும் அநீதி. குரோமியமும் அப்படியே: துருப்பிடிக்காத எஃகில் இருப்பது உலோகக் குரோமியம், ஆனால் மஞ்சள் முலாம் பூசிய திருகில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டதாக இருக்கலாம். இவ்விரண்டையும் வேதிச் சோதனையே பிரித்துச் சொல்லும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கப்படுபவையும், 2019 ஜூலை 22 முதல் ரோஹ்ஸ் விதியால் கட்டுப்படுத்தப்படுபவையுமான நான்கு தாலேட்டுகளோ இக்கருவிக்குப் புலப்படவே மாட்டா. மென்மையான பிவிசி உறை எதுவானாலும் தனியே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அளந்த இடத்தின் படம், நிறமாலை, தொகுதி எண் ஆகியவற்றோடு அளந்த துண்டையும் உறையிலிட்டுப் பாதுகாக்க வேண்டும். சப்ளையர் முடிவை மறுத்தால், அதே துண்டை அதே இடத்தில் மீண்டும் அளந்து காட்ட அது வேண்டியிருக்கும்.